ட்ரங்க்ஸின் உலகம் ஏன் திரும்பி வரவில்லை? கிளைக் காலக்கோடு: ஓர் எளிய விளக்கம்

டிராகன் பால் சூப்பர் என்ற ஜப்பானிய அனிமே தொடரில் வரும் எதிர்கால ட்ரங்க்ஸ் கதை 2016 ஜூனில் தொடங்கி நவம்பரில் முடிந்தது. 47ஆம் அத்தியாயம் முதல் 67 வரை. முடிந்து இத்தனை வருஷம் ஆகியும் சண்டை ஓயவில்லை. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு மாமாக் கடையில் அனிமே பார்க்கிற நாலு பேர் உட்கார்ந்தால், தே தாரிக் ஆறுவதற்குள் பேச்சு அங்கே போய்விடும். டிசம்பரில் கேஎல்சிசி மாநாட்டு மையத்தில் காமிக் ஃபியஸ்டா என்ற ரசிகர் விழா நடக்கும்போது, நீல முடியும் முதுகில் வாளுமாக யாராவது நடந்து வந்தால் போதும், மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள்.

பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "அவன்கிட்டதான் டைம் மெஷின் இருக்கே மச்சான், கொஞ்சம் முன்னாடி போய்த் தடுத்திருந்தா எல்லாரும் பிழைச்சிருப்பாங்களே! கதை எழுதினவங்களுக்கு மூளையே இல்லடா" என்னும். இன்னொரு கட்சி, "அதான் கடைசியில புது உலகம் கிடைச்சுதே, அப்புறம் என்ன சோகம்?" என்னும். இரண்டு பேருமே ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். அந்த இடத்தின் பெயர் கிளைக் காலக்கோடு. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. கதையின் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் கதை, சுருக்கமாக

ட்ரங்க்ஸ் வாழும் எதிர்காலத்தில், தொடரின் நாயகன் கோகுவின் முகத்தோடு ஒருவன் வந்து மனிதர்களைக் கொன்று குவிக்கிறான். அவனுக்கு கோகு பிளாக் என்று பெயர். உண்மையில் அவன் ஜமாசு, பத்தாம் பிரபஞ்சத்தில் படைப்புத் தெய்வமாவதற்குப் பயிற்சி பெற்றவன். மனிதர்கள்மீது தீராத வெறுப்பு. கேட்டதைத் தரும் மந்திரப் பந்துகளான சூப்பர் டிராகன் பால்களிடம் வரம் கேட்டுக் கோகுவின் உடலை எடுத்துக்கொண்டான். அந்த எதிர்காலத்திலேயே இருக்கும் இன்னொரு ஜமாசுவும் அவனுக்குத் துணை. அவன் சாகா வரம் பெற்றவன்.

ட்ரங்க்ஸின் தாய் புல்மா ஆரம்பத்திலேயே கொல்லப்படுகிறார். ட்ரங்க்ஸ் டைம் மெஷினில் ஏறிக் கடந்த காலத்துக்கு வந்து கோகுவையும் தன் அப்பா வெஜிட்டாவையும் உதவிக்கு அழைக்கிறான். கடைசிச் சண்டையில், பிழைத்திருந்த கொஞ்ச நஞ்சம் மனிதர்களும் தங்கள் சக்தியை ட்ரங்க்ஸின் வாளுக்குக் கொடுக்கிறார்கள். ஜமாசுக்கள் இருவரும் இணைந்து உருவான உடலை அவன் இரண்டாகப் பிளக்கிறான். சரி, ஜெயித்தாகிவிட்டது என்று நிமிர்ந்தால், உடல் போன ஜமாசு வானமாகவும் பிரபஞ்சமாகவும் பரவிவிடுகிறான். கோகுவுக்கு அப்போதுதான் ஸெனோ கொடுத்த பொத்தான் ஞாபகம் வருகிறது. பிரபஞ்சங்கள் எல்லாவற்றுக்கும் மேலான அரசன் ஸெனோ. பொத்தானை அமுக்கியதும் அந்தக் காலத்து ஸெனோ வந்து நிற்கிறான். ஜமாசுவோடு சேர்த்து அந்த உலகம் முழுவதையும் அழித்துவிடுகிறான். டைம் மெஷினில் ஏறியவர்கள் தப்பிக்கிறார்கள்.

பிறகு, அழிவுத் தெய்வம் பீரஸின் உதவியாளன் விஸ் ஒரு வழி சொல்கிறான்: அந்த எதிர்காலத்தில் இன்னும் முன்னதான ஒரு நேரத்துக்குப் போய், ஜமாசு வருவான் என்று அங்குள்ள பீரஸிடம் எச்சரித்துவிடலாம். ட்ரங்க்ஸும் அவனோடு தப்பிய மாய் என்ற பெண்ணும் அங்கே போய் வாழலாம். ஒரு சிக்கல், அங்கே ஏற்கெனவே ஒரு ட்ரங்க்ஸும் ஒரு மாயும் இருப்பார்கள். இருவரும் சம்மதித்துக் கிளம்புகிறார்கள்.

நம் தலையில் ஏற்கெனவே இருக்கும் விதி

காலப் பயணம் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு விதிதான் தோன்றும். 2015இல் வந்த ‘இன்று நேற்று நாளை’ படத்தை நினைத்துப் பாருங்கள். கடந்த காலத்தில் ஒரு குளறுபடி நடக்கிறது. செத்திருக்க வேண்டிய ரவுடி பிழைத்துவிடுகிறான். கதாநாயகன் வாழும் நிகழ்காலமே தலைகீழாகிறது. அங்கே இருப்பது ஒரே ஒரு காலக்கோடுதான். காலக்கோடு என்றால், ஒரு உலகத்தில் முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக நடக்கும் நிகழ்ச்சிகள் மொத்தமும். இந்த வகைக் கதையில் பின்னால் போய் எதையாவது மாற்றினால், பழைய நிகழ்ச்சிகள் அழிந்து அதே இடத்தில் புதியவை எழுதப்படும். கையெழுத்துப் பிரதியில் ஒரு வரியை அடித்துத் திருத்துகிற மாதிரி என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் எனக்கு வேறோர் உவமை தேவைப்படுகிறது, அதனால் இதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

‘தடுத்திருக்கலாமே’ கட்சி மனத்தில் வைத்திருப்பது இந்த ஒற்றைக் கோட்டு விதியைத்தான். அது தப்பான விதி இல்லை, வேறு கதைக்கு உரியது. டிராகன் பாலின் காலப் பயணம் ஒருநாளும் அந்த விதியில் ஓடியதில்லை.

சான் சோ லின் நிலையம்

கேஎல்லில் எல்ஆர்டி ரயிலில் ஏறுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். செந்தூல் தீமோரிலிருந்து கிளம்பும் தடம், சான் சோ லின் வரை ஒன்றாகவே வருகிறது. அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மலூரி, பண்டான் இண்டா வழியாக அம்பாங்குக்குப் போகிறது. மற்றொன்று சாலாக் செலாத்தான், புக்கிட் ஜாலில் வழியாக புத்ரா ஹைட்ஸ் வரை போகிறது.

நீங்கள் அம்பாங்கில் இறங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வந்த இடம் பிடிக்கவில்லை. சான் சோ லின்னுக்குத் திரும்பி வந்து, அடுத்த தடத்தில் ஏறிப் புத்ரா ஹைட்ஸ் போய்ச் சேருகிறீர்கள். இப்போது நீங்கள் அம்பாங்கில் இல்லை. ஆனால் அம்பாங் எங்கேயும் போய்விடவில்லை. அங்கே மழை பெய்தால் இப்போதும் பெய்துகொண்டுதான் இருக்கும். நீங்கள் அங்கே விட்டுவிட்டு வந்த மனிதர்கள் அங்கேயேதான் இருப்பார்கள். நீங்கள் தடம் மாறினீர்கள் என்பதற்காக அவர்கள் யாரும் புத்ரா ஹைட்ஸுக்கு வந்துவிட மாட்டார்கள்.

டிராகன் பால் உலகில் காலப் பயணம் இப்படித்தான். கடந்த காலத்துக்கு ஒருவர் வந்து இறங்கியதும், அந்த இடத்திலிருந்து காலம் ஒரு புதிய தடமாகப் பிரிகிறது. அந்தத் தடத்துக்குத்தான் கிளை என்று பெயர். அவர் செய்யும் நன்மை தீமை எல்லாம் புதிய கிளையைத்தான் பாதிக்கும். அவர் புறப்பட்டு வந்த தடம் பழையபடியே இருக்கும்.

ஓர் இடத்தில் இந்த உவமை பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்ஆர்டியில் இரண்டு தடங்களும் நாம் ஏறுவதற்கு முன்பே போடப்பட்டவை. டிராகன் பாலில் இரண்டாவது தடம் முன்பே இருப்பதில்லை. பயணி வந்து கால் வைத்த நொடியில்தான் அது பிறக்கிறது. (புத்ரா ஹைட்ஸ் வரையிலான நீட்டிப்பும் 2016 ஜூன் கடைசியில்தான் திறக்கப்பட்டது, ட்ரங்க்ஸ் கதை தொடங்கிய அதே மாதம். இதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது, ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.)

இதுவரை பார்த்தது: ஒற்றைக் கோட்டுக் கதையில் பின்னால் போனால் பழையது அழிந்து புதியது வரும். கிளைக் கதையில் பழையது இருந்தபடி இருக்கும், பக்கத்தில் புதியது ஒன்று பிறக்கும். டிராகன் பால் இரண்டாவது வகை.

விதி புதிதல்ல

"சூப்பர்ல திடீர்னு புது விதி கொண்டு வந்துட்டாங்க" என்கிறவர்களும் உண்டு. இல்லை. டிராகன் பால் மங்காவை அகிரா தோரியாமா 1984 முதல் 1995 வரை வரைந்தார். நம் ஊரில் அது ‘முத்தியாரா நாகா’ என்று மலாயில் புத்தகமாக வந்து, கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்தது. அதில் ட்ரங்க்ஸ் முதன்முதலில் தோன்றியது 1991இல். அந்தக் கதையிலேயே விதி தெளிவாக இருக்கிறது.

ட்ரங்க்ஸின் எதிர்காலத்தில் கோகு இதய நோயால் இறந்துவிட்டான். ஆண்ட்ராய்ட் 17, 18 என்ற செயற்கை மனிதர்கள் இருவரும் மற்ற வீரர்களைக் கொன்றுவிட்டார்கள். ட்ரங்க்ஸ் மருந்தோடு கடந்த காலத்துக்கு வந்து கோகுவைக் காப்பாற்றுகிறான். ஆனால் இங்கே கோகு பிழைத்ததால் தன் உலகத்தில் கோகு எழுந்து வரப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். நண்பர்களிடமே அதைச் சொல்கிறான். அப்புறம் ஏன் வந்தான்? ஓர் உலகமாவது நன்றாக இருக்கட்டுமே என்ற புல்மாவின் ஆசைக்காக. கூடவே, ஆண்ட்ராய்டுகளை வெல்ல ஒரு வழி கிடைக்காதா என்ற எதிர்பார்ப்பும். கடைசியில் செல் என்ற செயற்கை அரக்கன் ஒழிந்த பிறகு ட்ரங்க்ஸ் தன் உலகத்துக்குத் திரும்புகிறான். அங்கே 17, 18 இருவரும் அப்படியே கொன்றுகொண்டிருக்கிறார்கள். கடந்த காலத்தில் பெற்ற பலத்தைக் கொண்டு அவனே அவர்களை அழிக்க வேண்டியிருக்கிறது. கோகுவின் மகன் கோஹான் திரும்பி வரவில்லை. வெஜிட்டாவும் வரவில்லை.

இதைவிட நல்ல சாட்சி ஒன்று அந்தக் கதையில் இருக்கிறது, ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு கட்டத்தில் பாசி படிந்த பழைய டைம் மெஷின் ஒன்று காட்டுப் பக்கம் கிடைக்கிறது. அது ட்ரங்க்ஸின் மெஷினேதான். ஆனால் ட்ரங்க்ஸின் மெஷின் அவன் கையிலிருக்கும், பொருள்களைச் சுருக்கி வைக்கும் கேப்ஸ்யூலுக்குள் பத்திரமாக இருக்கிறது! ஒரே மெஷின் எப்படி இரண்டு இடத்தில் இருக்கும்? இன்னொரு கிளையில் வாழ்ந்த இன்னொரு ட்ரங்க்ஸை செல் கொன்று, அவனுடைய மெஷினைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறான். ஒற்றைக் கோட்டு விதியில் இந்தக் காட்சியை விளக்கவே முடியாது. கொல்லப்பட்ட ட்ரங்க்ஸ் ஒருவன், உயிரோடு நின்று அந்த மெஷினைப் பார்க்கும் ட்ரங்க்ஸ் வேறொருவன். இருவரும் ‘அசல்’தான். ஒருவன் வாழ்ந்தால் மற்றவன் சாகவில்லை என்று ஆகிவிடாது.

மூன்று நிமிடக் குழப்பம்

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், இதே தொடரில் ஒற்றைக் கோட்டு வித்தையும் ஒன்று இருப்பதுதான். வில்லன் ஃப்ரீசா பூமியை வெடிக்க வைத்ததும் விஸ் நேரத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறானே, அது. அங்கே பூமி மீண்டு வருகிறது, செத்தவர்களும் அதே மனிதர்களாகவே பிழைக்கிறார்கள். இது பயணம் இல்லை, நேரத்தையே பின்னுக்கு இழுப்பது. கிளை எதுவும் பிறப்பதில்லை.

ஆனால் விஸால் மூன்று நிமிடம்தான் இழுக்க முடியும். ட்ரங்க்ஸின் உலகம் அழிந்தபோது விஸ் அங்கே இல்லை. ஆகவே அந்தக் கதவு மூடியாகிவிட்டது. மீதி இருப்பது டைம் மெஷினும், தெய்வங்கள் காலப் பயணத்துக்கு வைத்திருக்கும் கால மோதிரமும். இரண்டும் பயணம் செய்யத்தான், அழிந்ததைப் பின்னுக்கு இழுக்க உதவாது.

ஜமாசுவை அழித்தும் ஏன் பலனில்லை

59ஆம் அத்தியாயத்தில், நிகழ்காலத்து ஜமாசுவை பீரஸ் ஒரேயடியாக அழித்துவிடுகிறார். இனி எதிர்காலத்திலும் ஜமாசு இருக்க மாட்டான் என்று அவரே நம்புகிறார். தெய்வமே ஒற்றைக் கோட்டு விதியை நம்பினால் நம்மைப் போன்றவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ட்ரங்க்ஸ் தன் உலகத்துக்குப் போய்ப் பார்க்கிறான். கோகு பிளாக் அங்கே சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

சாகா வரம் பெற்ற ஜமாசு அந்த எதிர்காலக் கிளைக்காரன். நிகழ்காலத்தில் செத்தவன் வேறொருவன். இது நாம் பார்த்த விதிதான். கோகு பிளாக் விஷயத்தில் கூடுதலாக ஒரு காரணம் சொல்கிறார்கள்: அவன் விரலிலிருக்கும் கால மோதிரம் இப்படிப்பட்ட மாற்றங்களிலிருந்து அவனைக் காக்கிறதாம். என்னைக் கேட்டால் இந்த மோதிர விளக்கம் தேவையே இல்லை, கிளை விதி ஒன்றே போதும். ஒரு விதிக்கு இரண்டு காரணம் சொன்னால் பார்ப்பவனுக்கு இரண்டிலும் சந்தேகம் வரும். ரசிகர்கள் குழம்பியதில் இந்த மோதிரத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் அந்த மோதிரங்களில் ஓர் உபயோகம் இருக்கிறது. அவை வைக்கப்பட்டிருக்கும் பெட்டியில் சில பச்சை மோதிரங்கள் தெரியும். யாராவது கடந்த காலத்தை மாற்றி ஒரு கிளை பிறந்தால் ஒரு பச்சை மோதிரம் கூடும். கிளைகளின் கணக்குப் புத்தகம் என்றே சொல்லலாம். காலப் பயணத்தைத் தெய்வங்கள் பெரும் குற்றமாக நினைப்பதும் அதனால்தான்.

சுருக்கமாக: ஒரு கிளையில் ஒருவனைக் கொன்றால் அந்தக் கிளையில்தான் அவன் சாவான். காப்பாற்றுவதற்கும் இதே கணக்குதான்.

அப்படியானால் முடிவு எவ்வளவு இருண்டது?

இப்போது அந்த இரண்டு கட்சிக்கும் வருவோம்.

முதல் கட்சி கேட்டது, ட்ரங்க்ஸ் முன்னால் போய்த் தடுத்திருக்கலாமே என்று. கிளை விதியில் அதை நடத்திப் பார்ப்போம். யாரோ ஒருவர் அழிவுக்கு முந்தைய நேரத்துக்குப் போகிறார். போய் இறங்கியதும் ஒரு புதிய கிளை பிறக்கிறது. அந்தக் கிளையில் ஜமாசு தடுக்கப்படுகிறான், மக்கள் பிழைக்கிறார்கள். பழைய தடம் அழிந்தது அழிந்தபடி கிடக்கிறது.

இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லையா? விஸ் சொன்ன வழியும் இதுவேதான். முதல் கட்சி ‘செய்திருக்க வேண்டும்’ என்று மேசையைத் தட்டிச் சொல்வதும், இரண்டாம் கட்சி ‘அதான் கிடைத்ததே’ என்று காட்டுவதும் ஒரே நிகழ்ச்சி. ஒருவர் அதை நடக்காத தீர்வு என்கிறார், மற்றவர் நடந்த சுபம் என்கிறார். நடந்தது உண்மை, அது தீர்வா என்பதுதான் கேள்வி.

பழைய தடம் இன்னும் இருக்கிறது என்பதற்குக் கதையே ஆதாரம் தருகிறது. எல்லாம் அழிந்த பிறகு கோகு டைம் மெஷினில் அந்த எதிர்காலத்துக்கு மறுபடி போகிறான். ஒன்றுமில்லாத வெளியில் அந்த ஸெனோ தனியாக இருக்கிறான். கோகு அவனை அழைத்து வந்து நிகழ்காலத்து ஸெனோவுக்குத் தோழனாக்குகிறான். ஆக, போய் இறங்குவதற்கு அங்கே ஓர் ‘இடம்’ இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள்தான் இல்லை. மறுபடி எழுதப்பட்ட உலகம் இல்லை அது, காலியாக்கப்பட்ட உலகம்.

யார் அந்த இல்லாமல் போனவர்கள்? பதுங்குமிடத்தில் பட்டினியோடு கிடந்தவர்கள். ட்ரங்க்ஸையும் மாயையும் சுற்றிச் சுற்றி வந்த ஹரு, மகி என்ற இரண்டு குழந்தைகள். வாளுக்குத் தங்கள் சக்தியைக் கொடுத்தவர்களும் இவர்கள்தான். புதிய கிளையிலும் ஒரு ஹருவும் ஒரு மகியும் இருக்கலாம். அந்த வாளுக்குக் கை உயர்த்தியவர்கள் அவர்கள் அல்ல. டிராகன் பாலில் சாவு என்றால் பெரிய விஷயமே இல்லை, ஏழு பந்தைச் சேர்த்தால் திரும்பி வருவார்கள் என்று நாம் பழகிவிட்டோம். தலைக்கு மேலே வளையத்தோடு மறுவுலகத்தில் பயிற்சி செய்கிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். ஸெனோ அழித்தால் அந்த மறுவுலகமும் சேர்ந்தே போகிறது. அதனால்தான் இந்த முடிவு அத்தனை பேரை உறுத்துகிறது.

இன்னும் ஒன்று. புதிய கிளையில் ஜமாசு வருவதற்கு முன்பே எச்சரிக்கை போய்ச் சேர்ந்துவிடும் என்பதால், அங்கே புல்மா கொல்லப்பட மாட்டார். ட்ரங்க்ஸ் தன் கண்முன் பறிகொடுத்த அம்மாவின் அதே முகம், அதே குரல். ஆனால் அவருக்கு ஏற்கெனவே ஒரு மகன் இருக்கிறான், அவன் பெயரும் ட்ரங்க்ஸ். "வாப்பா, சாப்பிட்டாயா?" என்று அவர் இவனையும் கேட்பார், புல்மா அப்படிப்பட்டவர்தான். இருந்தாலும் அந்த வீட்டில் இவன் யார்? தம்பியா, விருந்தாளியா? சுபம் என்று அட்டை போடுகிற கட்சி இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்து ஓடிவிடுகிறது.

கதை எழுதியவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு, காலக்கணக்கில் இல்லை. அந்தக் கணக்கு 1991இல் போட்டபடியே இருக்கிறது. கோபம் எதில் என்றால், ஓர் உலகம் முழுக்கப் போன பிறகு ஒரே அத்தியாயத்தில் எல்லாவற்றையும் முடித்து, இரண்டு ஸெனோக்களும் கைகோத்துச் சிரிக்கும் வேடிக்கையையும் அதற்குள் திணித்து, வழியனுப்பிவிட்டார்கள். நாமெல்லாம் பதினாறாம் நாள் வரையாவது துக்கம் காக்கிற ஆட்கள். அவர்கள் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

இயற்பியலில் இது உண்டா?

உண்டு, ஆனால் தூரத்துச் சொந்தம். 1957இல் ஹியூ எவரெட் என்ற அமெரிக்கர், குவாண்டம் இயற்பியலுக்குப் பல உலகங்கள் கொண்ட ஒரு விளக்கத்தை முன்வைத்தார். அதில் கிளைகள் பிறக்க யாரும் மெஷினில் ஏற வேண்டியதில்லை. ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் முடியாது. ட்ரங்க்ஸின் கதையை அதோடு சேர்த்துப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மறுபடி பார்க்கிறவர்களுக்கு

21 அத்தியாயத்தையும் பார்க்க நேரமில்லை என்றால் 47, 59, 67 மூன்றையும் பாருங்கள். 47இல் புல்மா சாகும் இடம். 59இல் பீரஸ் நம்புவதும், அந்த நம்பிக்கையோடு ட்ரங்க்ஸ் இருப்பதும். 67இல் விஸ் தன் யோசனையைச் சொல்லும்போது ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள். அங்கே இன்னொரு ட்ரங்க்ஸும் இன்னொரு மாயும் இருப்பார்கள் என்பதை அவன் மறைக்காமலே சொல்கிறான். அப்புறம் மாமாக் கடையில் யாராவது ஆரம்பித்தால், எந்தத் தடத்து ட்ரங்க்ஸைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் கேட்டுவிட்டு உட்காருங்கள்.